தொண்டைக்குப் பின்னால் ஒரு சந்து

தொண்டையின் பின்சுவருக்கும் கழுத்தெலும்புக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து இருக்கிறது. கொஞ்சம் கொழுப்பு, சிறு பிள்ளைகளாக இருந்தால் சில நிணநீர் முடிச்சுகள், அவ்வளவுதான் அதில். சளியோடு வந்த கிருமி அந்த முடிச்சில் தங்கிச் சீழ் பிடித்தால் ஆபத்து. பிள்ளை எச்சிலைக்கூட விழுங்காது, கழுத்தைத் திருப்பவிடாது. ஐந்து வயதுக்குள்தான் இது அதிகம். பிறகு முடிச்சுகள் சுருங்கிவிடும். சந்து மண்டையோட்டின் அடியிலிருந்து நெஞ்சுக்குள் இறங்குகிறது. அதன் பின்னாலேயே இன்னொன்று, உதரவிதானம் வரைக்கும்.

1938-ல் கிரோடின்ஸ்கி, ஹோலியோக் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த இடைவெளிகளை வகைப்படுத்தியது பிணங்களை அறுத்துப் பார்த்து. உயிரோடிருப்பவரின் தொண்டையில் ஒரு காலத்தில் விரலை விட்டுத்தான் தடவிப் பார்த்தார்கள். அழுத்தம் கூடினால் கட்டி உடைந்து சீழ் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

பக்கவாட்டு எக்ஸ்ரே வந்ததும் விரலுக்குப் பதில் ஸ்கேல். இரண்டாம் கழுத்தெலும்புக்கு முன்னால் சதை நிழல் 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம். ஆறாம் எலும்பருகே குழந்தைக்கு 14, பெரியவருக்கு 22. ஆனால் தலை நிமிர்ந்திருக்க வேண்டும், மூச்சை உள்ளே இழுத்திருக்க வேண்டும். வீறிடும் இரண்டு வயதுப் பிள்ளையிடம் இதை யார் சொல்வது? குனிந்த நேரத்தில் பட்டனை அழுத்தினால் நோயில்லாத தொண்டையும் தடித்துத் தெரியும். அப்படியே தடிப்பு நிஜம் என்றாலும், அது சீழா, வெறும் வீக்கமா என்று எக்ஸ்ரே சொல்லாது.

1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுத்தது மூளைக்கு. கழுத்துக்கு இறங்கிவரச் சில ஆண்டுகள் ஆயின. ரத்தநாளத்தில் சாய மருந்து ஏற்றி எடுத்தால் சீழ்க்கட்டியின் ஓரம் வெள்ளை வளையமாகத் துலங்கும். கழுத்துப் பெருந்தமனி எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்பதும் தெரியும். கத்தி எடுப்பவருக்கு வளையத்தைவிட இதுதான் முக்கியம் என்பேன். வளையம் ஏமாற்றுவதும் உண்டு: திறந்தால் சீழே இருக்காது. அதனால் கட்டி சிறிது, மூச்சுக்குத் தடையில்லை என்றால் ஆன்டிபயாட்டிக் ஏற்றி ஓரிரு நாள் பார்க்கிறார்கள். ஆனால் மூச்சுத் திணறும் பிள்ளையை ஸ்கேனுக்காக மல்லாக்கப் படுக்க வைப்பதே ஆபத்து. மடியில் உட்கார வைத்து எடுக்கும் பழைய எக்ஸ்ரே ஒழியாததற்கு இதுவும் காரணம்.

சந்தில் தெரிவதெல்லாம் சீழும் அல்ல. நடுவயதுக்காரர் ஒருவர் தாங்க முடியாத கழுத்துவலியோடு வருகிறார், விழுங்கினால் உயிர் போகிறது. ஸ்கேனில் அதே சந்தில் நீர், வளையம் இல்லை; முதலிரண்டு எலும்புகளுக்கு முன்னால் பொட்டளவு சுண்ணாம்புப் படிவு. தசைநாண் அழற்சி. சில நாள் வலி மாத்திரை போதும்.

மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்த கட்டி என்றால் நம் ஊரில் காசநோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். கழுத்தெலும்பு அரிக்கப்பட்டிருப்பதையும் தண்டுவடம் நசுங்குவதையும் எம்ஆர்ஐ காட்டும். அப்படிப்பட்ட கட்டியை வாய் வழியாகத் திறப்பதில்லை. வடிக்க வேண்டுமானால் கழுத்துக்கு வெளியிலிருந்துதான். காசநோய் மருந்தையும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும்.