படகின் சேமக்கலமும் மின்னேற்றக் கோளாறுகளும்

செம்பூரை அடுத்த மாகுல், டிராம்பே ஆகிய ஊர்களின் கோளி மீனவர் தொழில் செய்யும் கடற்கழியில், ஓதம் வடிந்தால் அகன்ற சேற்றுப்பரப்பு வெளிப்படும். மின்சாரத்தால் கிளப்பப்படும் எஞ்சினையுடைய படகொன்று இங்கே சேமக்கலம் வலுவிழந்து நின்றுவிடின், மறு ஓதம் ஏறும் வரை சேற்றிலேயே கிடக்க நேரும். திறந்த கடலில் விளக்கும் வானொலிக் கருவியும் உடன் ஓய்ந்துவிடும். கப்பல்கள் செல்லும் வழியில் இரவில் விளக்கின்றி மிதக்கும் படகின் நிலையை விளக்க வேண்டுவதில்லை.

1859-இல் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே அமைத்த காரீயச் சேமக்கலமே இன்றும் படகுகளில் பெரிதும் பயன்படுகிறது. மின்சாரம் வெளியேறுங்கால் அதன் இருவகைத் தகடுகளின்மீதும் காரீய சல்பேட்டு படிகிறது; மின்னேற்றத்தால் அது மீண்டும் கரைந்து மறைகிறது. ஏற்றமின்றிப் பல வாரங்கள் விட்டுவிட்டாலோ, அப்படிவு கடினமான படிகங்களாகி எளிதில் கரைவதில்லை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்த 61 நாள்களும் கவனிப்பாரற்றுக் கிடந்த கலம் ஆகஸ்டில் எஞ்சினைக் கிளப்பாதபோது, பழி ஆல்டர்னேட்டரின்மீது விழுவது எளிது. குற்றம் அதனுடையதன்று.

ஆகவே சோதனையைக் கலத்திலிருந்தே தொடங்குதல் நன்று. சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ட் கலம் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டினால் நிறைவாக ஏற்றப்பட்டுள்ளது எனலாம். 12 வோல்ட்டை அணுகினால் ஏறத்தாழ வெறுமையே. திரவமானியால் ஆறு அறைகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஓர் அறையின் அமிலம் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் நீர்த்திருந்தால், அந்த அறை கெட்டுவிட்டது. வேறு எதைப் பழுது பார்த்தும் பயனில்லை.

அடுத்து, எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது கலத்தின் முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காண வேண்டும். குறைந்தால் முதலில் பெல்ட்டின் தளர்ச்சியைப் பார்க்க வேண்டும். பின்னர் ஆல்டர்னேட்டரின் முனையிலேயே அளக்க வேண்டும். அங்கே 14.2 வோல்ட்டும் கலத்தில் 13.3 வோல்ட்டும் இருப்பின், இடையிலுள்ள கம்பியும் இணைப்புகளுமே 0.9 வோல்ட்டை விழுங்குகின்றன. 30 ஆம்பியர் ஓடும்போது இதற்கு 0.03 ஓம் தடையே போதும். உப்புக்காற்றில் பச்சை பூத்த ஒரு செம்பு முனை அவ்வளவு தடையைத் தர வல்லது. ஓமின் விதியைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஆல்டர்னேட்டரிலேயே அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கைக் கவனிக்க. பல அமைப்புகளில், சுழலும் காந்தத்திற்குத் தொடக்க மின்னோட்டம் அவ்விளக்கின் வழியாகவே செல்கிறது. சிறு பல்பு ஒன்று கருகினாலும் இயந்திரம் மின்சாரம் ஆக்காமல் இருந்துவிடலாம். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைதல் முறை. தேய்ந்த கார்பன் தூரிகைகளும் இதே குறையைத் தரும். எஞ்சின் நின்று நெடுநேரமாகியும் ஆல்டர்னேட்டர் சூடாக இருந்தால், உள்ளிருக்கும் டயோடு பழுதுற்று, கலத்தின் மின்சாரம் பின்னோக்கிக் கசிகின்றது என்று கொள்ளலாம்.

எஞ்சின் ஓடுகையில் கலத்தின் இணைப்பைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுதல் அவசியம். அப்போது திடீரென எழும் உயர் மின்னழுத்தம் டயோடுகளை அழித்துவிடும். மின்னேற்றத்தின்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியதாதலின், கலம் இருக்கும் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். குறைந்த நீரை வாலை வடிநீரால் மட்டுமே நிரப்புக. கடல்நீர் கலத்தினுள் புகுந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும்.

தடைக்காலத்தில் கலத்தைப் படகிலிருந்து இறக்கி, நிறைவாக ஏற்றி, நிழலில் வைத்து, மாதம் ஒருமுறையேனும் மீண்டும் ஏற்றி வருதல் வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் கடுங்கோடையாதலின், கலம் தானே வெறுமையாவது அங்கு இன்னும் விரைவாக நிகழும்.