ஒதியம்பட்டில் ஒரு மெக்ஸிகோ தட்டு!

மாட்டிறைச்சியை ஊறவெச்சு, தணலில் சுட்டு, ஃப்ரைஸ் மேல சீஸோடு கொட்டினா 'கார்னே அசாடா ஃப்ரைஸ்' ரெடி! பிறந்த ஊர், மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய அமெரிக்காவின் சான் டியகோ. அங்குள்ள டாகோ கடைகளில் பிரபலமானது. பிழைக்கப் போன மெக்ஸிகோக்காரங்க போன ஊர் ஃப்ரைஸைச் சேர்த்துக்கிட்டாங்க. சொந்த ஊர் ருசியை விடலை!

ஒதியம்பட்டு பசங்களும் செய்யலாம். உருளைக்கிழங்கை மிதமான சூட்டில் ஒருமுறை, ஆறியதும் நல்ல சூட்டில் மறுமுறை பொரிச்சா மொறுமொறு. மேலே எலுமிச்சை, பூண்டு, மிளகாயில் ஊறிய கறி. மாடு வேண்டாமா? கோழி, பனீர்... உங்க இஷ்டம்! உருளையும் மிளகாயுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்து நம்மூர் ஆனவைதானே!

நாலு ஃப்ரெண்ட்ஸ், ஒரே தட்டு. சூடு ஆறினா நமத்துப்போயிடும்... சீக்கிரம்!