முதிய பூனையின் மூட்டு வலி

இராஜபாளையம் என்றதும் நம் நினைவுக்கு வருவது அவ்வூரின் வெண்ணிற வேட்டை நாய். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அதன் உருவத்தை அஞ்சல் தலையில் வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. அடுத்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாள் கோயிலாலும் பால்கோவாவாலும் பெருமை. இவ்வூர்களின் வீடுகளில் எலி பிடித்துத் திரியும் பூனைக்கு அத்தகைய புகழ் ஏதும் இல்லை. ஆயினும், முதுமையில் அதற்கு வரும் மூட்டு வலியைப் பற்றி நாம் அறிந்திருத்தல் வேண்டும். அறியாது செய்யும் உதவி அதன் உயிரையே பறித்துவிடக்கூடும்.

எலும்புகள் கூடும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு மெத்தைபோல் அமைந்திருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தேய்கிறது. மூட்டு வீங்கி வலிக்கிறது. அமெரிக்காவில், பன்னிரண்டு வயதைக் கடந்த நூறு பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். அவற்றுள் தொண்ணூறு பூனைகளிடம் இத்தேய்வு காணப்பட்டது.

இவ்வளவு பரவலான நோய் நம் கண்ணில் படாதது ஏன்? பூனை தன் வலியை மறைக்கும் இயல்புடையது. பெரும்பாலும் இருபுறத்து மூட்டுகளும் ஒருங்கே தேய்வதால் நொண்டுவதும் வெளிப்படையாகத் தெரிவதில்லை. பரண்மீது ஒரே தாவலில் ஏறிய பூனை, இப்போது கீழேயே தங்கிவிடும். முதுகை நக்கித் துப்புரவு செய்யாமையால் உரோமம் சடை பிடிக்கும். நகங்கள் நீண்டு வளரும். தொட்டால் சீறும். “கிழப்பூனைக்குக் கோபம் மிகுந்துவிட்டது” என்று நாம் சொல்வோம். அது வலியின் குரலாக இருக்கலாம்.

அவ்வேளையில் வீட்டு மருந்துப் பெட்டியை நாடுவதுதான் பெருந்தவறு. நமக்குத் தலைவலி தீர்க்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அம்மருந்தை மாற்றி வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலுக்கு மிகக் குறைவு. எனவே இரத்தத்தின் சிவப்பணுக்கள் பழுதுற்று, பிராணவாயுவைச் சுமக்க இயலாமற் போகின்றன. ஒரே மாத்திரை உயிரைப் போக்கப் போதுமானது. ஆஸ்பிரினும் நாமாகக் கொடுக்கத் தக்கதன்று.

கால்நடை மருத்துவர் பூனையைச் சோதித்து, மெலாக்சிகாம் போன்ற மருந்தை அதன் எடைக்கேற்பத் துளிக்கணக்கில் தருவார். அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடுமாதலால் அளவை நாம் கூட்டலாகாது; அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் தேவை.

மருந்தை உண்ண மறுக்கும் பூனையை என் செய்வது? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் பொதிந்து கொடுக்கலாமே என்று தோன்றலாம். அது பயன்படாது. பூனையின் நாவிற்கு இனிப்புச் சுவையே தெரியாது. அச்சுவையை உணர்த்தும் மரபணு அதனிடம் செயலற்றிருப்பதை 2005இல் கண்டறிந்தனர். உப்பின்றி வேகவைத்த நெத்திலி மீனின் மணமே அதனை ஈர்க்கும். குழம்பு மீன் ஆகாது. வெங்காயமும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நகம் வெட்ட நேர்ந்தால், தலை மட்டும் வெளியே தெரியுமாறு துண்டினால் சுற்றிக்கொண்டு, விரைவில் முடித்துவிட வேண்டும். அது திமிறினால் அன்று விட்டுவிடுவதே நலம்.

மருந்தைப்போலவே வீட்டின் அமைப்பும் துணை செய்யும். அது விரும்பித் துயிலும் திண்ணைக்கோ கட்டிலுக்கோ அருகில் தாழ்ந்த மணையொன்றை இட்டால், ஒரு தாவல் இரு சிறு படிகளாகும். வழுக்கும் சிமெண்டுத் தரையில் சாக்கை விரிக்கலாம். மார்கழிக் குளிரில் பழைய கம்பளித் துணியைக் காற்றடிக்காத மூலையில் மடித்து வைக்கலாம். உணவும் நீரும் தரையிலேயே இருக்கட்டும். மணல் தட்டின் விளிம்பு தாழ்வாயிருந்தால் அது கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பது குறையும். உடல் பருத்திருந்தால் மருத்துவர் சொற்படி உணவைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். திடீரென்று பட்டினி போடுதல் கல்லீரலைக் கெடுக்கும்.

தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் வழி இல்லை. ஆனால் வலி தணிந்ததா என்பதை நீங்களே கண்டறியலாம். எத்தனை முறை தாவியது, முதுகை நக்கியதா, தானே அருகில் வந்ததா என்று நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். வாய் பேசாத அப்பிராணியின் நிலையை மருத்துவருக்கு எடுத்துரைக்க அக்குறிப்பேடு உதவும்.