பசைக்குப்பியின் அடைபட்ட மூக்கு

விமானமும் கப்பலும் இரயில் எஞ்சினும் சிறு சிறு பிளாஸ்டிக் உறுப்புகளாகப் பெட்டியில் வந்து, கைத்திறனால் உருப்பெறும் மாதிரிக் கலை இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் இடம்பெற்றுள்ளது. 72-இல் ஒரு பங்கு என்னும் அளவில் 9 மீட்டர் நீளமுள்ள விமானம் பன்னிரண்டரை சென்டிமீட்டரில் அடங்கிவிடுகிறது. இத்துணை நுண்ணிய வேலையில் பசை ஒரு துளி மிகுந்தாலும் அழகு கெடும். ஆகவேதான் ஊசி போன்ற மூக்குள்ள குப்பிகளை நாடுகிறோம். அம்மூக்கோ அடிக்கடி அடைத்துக்கொள்கிறது.

அடைத்த குப்பியைப் பலங்கொண்ட மட்டும் பிதுக்குவது சிறுவர் இயல்பு. அடைப்பு திடீரென விடுபட்டால் பசை பீறிட்டுப் பல நாள் உழைப்பைப் பாழாக்கும்; கண்ணிலும் தெறிக்கக்கூடும். இதற்குப் பலம் வேண்டுவதில்லை. பசை எவ்வகையது என்று அறிந்தால் அடைப்பின் காரணம் விளங்கும். காரணம் விளங்கினால் பரிகாரமும் புலப்படும்.

இக்கலைக்கு உரியதாகக் கருதப்படுவது பாலிஸ்டைரீன் சிமெண்டு. இது இரு துண்டுகளின் விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டுத் தான் ஆவியாகிவிடும். குழலின் நுனியில் கரைப்பான் ஆவியானதும், பசைக்குக் கனம் தரக் கலந்த பொருள் கெட்டியாகித் தங்குகிறது. தில்லியின் மே மாத வெப்பத்தில் இது மிக விரைவில் நேரும்.

இதற்கு முதற்பரிகாரம் மெல்லிய எஃகுக் கம்பி. கிதாரின் மிக மெல்லிய தந்தி ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனமுடையது. அதில் ஒரு துண்டு போதும். கம்பி நுழையாவிடில், எஃகு ஊசிக்குழலைக் குறட்டால் பிடித்துக் குப்பியினின்றும் கழற்றிவிட வேண்டும். குப்பியை இறுக மூடி வேறு அறையில் வைத்தபின், கழற்றிய குழலை மட்டும் லைட்டரின் சுடரில் சில விநாடிகள் காட்டினால் உள்ளே உறைந்தது எரிந்துபோகும். நன்கு ஆறியபின் கம்பியைச் செலுத்தித் துடைத்துப் பொருத்தலாம். கரைப்பான் எளிதில் தீப்பற்றுவது. ஆதலால் குப்பியில் பொருத்தியிருக்கும் ஊசியை ஒருபோதும் சுடருக்குக் காட்டலாகாது. இவ்வேலை பெரியவர்களுக்கே உரியது. காற்றோட்டமுள்ள இடத்தில், சமையல் அடுப்புக்கு அப்பால் நடத்தற்குரியது.

இரண்டாவது, நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை. 1942-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் குழுவினர் இப்பொருளைக் கண்டனர். கண்டதையெல்லாம் பற்றிக்கொள்கிறதென்று அப்போது ஒதுக்கிவிட்டனர். 1951-இல் அதன் அருமை புலப்பட்டது. 1958-இல் கடைக்கு வந்தது. முன்னது கரைப்பான் நீங்கி உலர்வது. இதுவோ ஈரத்தால் இறுகுவது. காற்றிலுள்ள சிறிதளவு ஈரமே போதுமாதலால், மும்பையின் மழைக்காலம் இதற்குப் பகை.

இதன் மூக்கு பிளாஸ்டிக்கால் ஆனது. தீ உதவாது, எழும் புகையும் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். அடைத்த நுனியைக் கூரிய கத்தியால் சிறிது சீவிவிடலாம். அன்றேல், மூக்கைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்தால் இறுகிய பசை இளகும். அது முற்றும் உலர்ந்த பின்னரே மீண்டும் பொருத்த வேண்டும். நகப்பூச்சு நீக்கும் திரவங்கள் பலவற்றில் அசிட்டோன் உண்டு. ஆனால் அது பாலிஸ்டைரீனையும் கரைத்துவிடுமாதலால், மாதிரியின் அருகே கொண்டு செல்லலாகாது. இப்பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைப்பதும் தவறு. இரண்டும் சேர்ந்தால் சுடத்தக்க வெப்பம் உண்டாகும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல், இளஞ்சூடான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்லப் பிரிக்க வேண்டும். கண்ணில் பட்டால் தண்ணீரால் நெடுநேரம் கழுவி உடனே மருத்துவரிடம் செல்க.

மூன்றாவது, தச்சர்கள் கையாளும் வெண்பசையின் இனம். விமானியின் கண்ணாடிக் கூண்டு போன்ற ஒளி ஊடுருவும் உறுப்புகள் முன்னிரு பசைகளாலும் மங்கக்கூடும், இதனால் மங்கா. இதன் அடைப்பு மிக எளியது. மூக்கைக் கழற்றி வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்துக் குண்டூசியால் குத்தினால் போதும்.

அடைத்தபின் நீக்குவதினும் அடையாது காப்பதே மேல். வேலை முடிந்ததும் குப்பியை நிமிர்த்தி இலேசாக அழுத்தினால் குழலில் நின்ற பசை காற்றோடு வெளியேறும். அதைத் துடைத்துவிட்டு, மெல்லிய கம்பியொன்றைக் குழலில் செருகி மூடுக. சயனோஅக்ரிலேட் குப்பியை மேசைமேல் மெல்லத் தட்டினால் மூக்கில் நின்ற பசை கீழிறங்கும். நுனியைப் பாலிதீன் துண்டால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் டப்பாவில் இட்டு மூடுக. குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தால், அறையின் வெப்பநிலைக்கு வந்தபின்பே திறக்க வேண்டும். இல்லையேல் குளிர்ந்த மூக்கில் நீர் படிந்து பசை இறுகும்.

சிறுவர் கையில் குப்பியைத் தரும்போதே இவற்றையும் சொல்லித் தருவோமாக. மாதிரி முடிந்தவுடன் மகிழ்ச்சியில் குப்பியை அப்படியே விட்டுச் செல்லாமல் துடைத்து மூடி வைக்கும் பழக்கம், விமானம் அலமாரி ஏறிய பின்பும் அவர்களிடம் நிலைத்திருக்கும்.