ஏ-68

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்குத் தெற்கே சாண்டா ரீட்டா மலையடிவாரத்தில் ஒரு பழைய மேய்ச்சல் ஆராய்ச்சி நிலம் உண்டு. 1902 முதல் குறிப்பிட்ட சில இடங்களில் நின்று, ஆண்டுகள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். முதல் படங்களில் திறந்த வெளி. பின்னால் வந்தவற்றில் மெஸ்கீட் மரங்கள் அடைத்து நிற்கின்றன. நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலத்துக்கு இந்த மெஸ்கீட் பங்காளி முறை. ஆனால் அந்த மண்ணுக்கே உரிய மரம் அது. கடல் கடந்து வந்தது மரத்தடியில் இருக்கும் புல். படத்தில் புல்லைப் பார்த்து இனம் பிரிப்பது கஷ்டம் என்பதால் அந்த மாற்றம் சட்டென்று கண்ணில் படாது.

கதை மாட்டில் தொடங்குகிறது. 1880களில் ரயில் வந்தது, ரயிலைத் தொடர்ந்து மந்தைகள் பெருகின. 1891-ல் மழை பொய்த்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தெற்கு அரிசோனாவின் மாடுகளில் பாதிக்கு மேல் செத்தன. சாவதற்கு முன் புல்லை வேரடி வரை கடித்துத் தீர்த்திருந்தன. அப்புறம் பெய்த கோடை மழைக்கு மண்ணைப் பிடித்து நிறுத்த எதுவும் மிச்சமில்லை. சாண்டா ரீட்டாவுக்கு வேலி போட்டதே, மாட்டை வெளியே நிறுத்தினால் புல் திரும்புமா என்று பார்க்கத்தான்.

திரும்பும்வரை காத்திருக்க எல்லோருக்கும் பொறுமை இல்லை. சுப்பீரியர் என்ற செப்புச் சுரங்க ஊருக்கு அருகே பாய்ஸ் தாம்சன் தாவரப் பூங்கா இருக்கிறது. அங்கே ஃபிராங்க்ளின் கிரைடர் வறண்ட நிலத்துக்கு ஏற்ற செடிகளைத் தேடிக்கொண்டிருந்தார். 1932-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு விதைக்கு ஏ-68 என்று எண் போட்டார்கள். எராக்ராஸ்டிஸ் லேமனியானா, பேச்சு வழக்கில் லேமன் லவ்கிராஸ். கலஹாரிப் பக்கத்து மணல் வெளிகளில் தானாக வளரும் காட்டுப்புல். எத்தியோப்பியர்கள் உணவாக்கும் தெஃப் தானியமும் இதே பேரினம்தான். ஆனால் இதைச் சோறாக்க யாரும் நினைக்கவில்லை, மண்ணுக்குப் போர்வையாக்கவே கொண்டுவந்தார்கள்.

அந்த வேலைக்கு இதைவிடத் தோதான புல் கிடைப்பது அரிது. விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு கிலோவில் பல லட்சம் விதைகள். ஜூலையில் அங்கே கோடை மழை இறங்கும். அதற்கு முன் மேலாகத் தூவி, மண்ணை லேசாகக் கிளறிவிட்டால் போதும், ஆழமாகப் புதைத்தால்தான் கெட்டுப்போகும். தாள் தரையில் சாய்ந்த இடத்தில் கணுவே வேர் விடும். பெரும்பாலும் கருமுட்டை கருவுறாமலேயே விதை பிடிக்கும் என்பதால் தாயின் குணம் அச்சாக இறங்கும். உதிர்ந்த விதை உடனே முளைக்காது, மாதக்கணக்கில் உறங்கிவிட்டுத் தவணை தவணையாக முளைக்கும். ஒரு மழை ஏமாற்றினாலும் மொத்த முதலும் போய்விடாது. உறைபனி கடுமையான உயரங்களில் மட்டும் இதற்கு ஆகாது.

1930களின் பிற்பகுதியிலிருந்து அரசும் பண்ணைக்காரர்களும் போட்டி போட்டு விதைத்தார்கள். சாலையோரச் சரிவு, அரித்த மேய்ச்சல் நிலம், எங்கும் ஏ-68. மண் நின்றது. அன்றைய கணக்குப்படி அது வெற்றி, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

1980களில் அளந்து பார்த்தபோது, கையால் விதைத்த பரப்பைவிடத் தானாகப் பரவிய பரப்பு அதிகமாக இருந்தது. கோடையில் மாடு முதலில் தேடிப்போவது நாட்டுப்புல்லை: கிராமா, காட்டன்டாப், அந்த மண்ணின் சொந்த லவ்கிராஸான எராக்ராஸ்டிஸ் இண்டர்மீடியா. அயல்புல்லை மாடு ஒதுக்கிவிடும். இப்படி மாட்டின் நாக்கே அயல்புல்லுக்குக் களையெடுத்துக் கொடுத்தது. குளிரில் மற்றவை காய்ந்த பிறகும் இதில் கொஞ்சம் பச்சை தங்கும் என்பதால் பண்ணைக்காரர்களுக்கு இன்றும் இதன்மேல் ஒரு கண் உண்டு.

எரித்து ஒழிக்கலாம் என்றால் அதுவும் பலிக்காது. நாட்டுப்புல்லைவிட இது கூளம் அதிகம் சேர்க்கும், அதனால் தீயும் உக்கிரமாகும். தூர்கள் பல செத்துப்போகும், சரிதான். ஆனால் மூடியிருந்த கூளம் எரிந்து வெயில் தரையில் விழுந்ததும், மண்ணில் உறங்கிய விதையெல்லாம் கண் விழிக்கும். களைக்கொல்லி கேட்கிறது, ஆனால் மாவட்டக்கணக்கான நிலத்துக்கு யார் தெளிப்பது?

எல்கின் அருகே ஒரு பண்ணையில் கார்ல் பாக், ஜேன் பாக் உள்ளிட்டோர் நாட்டுப்புல் வெளியையும் ஆப்பிரிக்கப் புல் வெளியையும் ஒப்பிட்டு 1986-ல் எழுதினார்கள். அயல்புல் வெளியில் செடி வகை, வெட்டுக்கிளி, எலி, பறவை என்று பெரும்பாலானவை குறைந்திருந்தன. போட்டெரி சிட்டு போன்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. பச்சையாகத் தெரிவதெல்லாம் புல்வெளி என்று கணக்கு எழுதும் அதிகாரிகள் படிக்கவேண்டிய கட்டுரை அது.

டூம்ஸ்டோன் அருகே வால்நட் கல்ச் ஆய்வு நீர்ப்பிடிப்பில், கெண்டல் என்னும் திட்டில் நாட்டுப்புல் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. 2006-ஐ ஒட்டிய வறட்சியில் அது பெருமளவு செத்தது. அடுத்த மழைகளில் அந்த இடத்தைப் பிடித்தது லேமன் புல்.