நாடாளுமன்ற இறையாண்மையும் எழுதப்பட்ட அரசியலமைப்பும்: பிரித்தானியாவை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

பிரித்தானியாவின் அரசியலமைப்பை 'எழுதப்படாத அரசியலமைப்பு' எனக் குறிப்பிடுவது தமிழில் வழக்கமாகிவிட்டது. இச்சொல்லாட்சி முழுப் பொருத்தமுடையதன்று. 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், 1911, 1949ஆம் ஆண்டுகளின் நாடாளுமன்றச் சட்டங்கள், 1998ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டம் ஆகிய யாவும் எழுதப்பட்டவையே. அவை ஒரே ஆவணமாகத் தொகுக்கப்படவில்லை என்பதே உண்மை. எனவே 'தொகுக்கப்படாத அரசியலமைப்பு' என்பதே பொருந்தும். அங்கு எழுத்து இன்மை சிக்கலன்று. எழுதப்பட்டது நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்துமா என்பதே சிக்கலாகும்.

டைசியின் கோட்பாடு

1885இல் ஏ.வி. டைசி இக்கோட்பாட்டைத் தெளிவாக வரையறுத்தார். நாடாளுமன்றம் எச்சட்டத்தையும் இயற்றலாம், நீக்கலாம். அதன் சட்டத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் வேறெவருக்கும் இல்லை. இதனால், ஒரு நாடாளுமன்றம் தனக்குப் பின்வரும் நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்த இயலாது என்பதும் பெறப்படும். ஒரு சட்டம் மனித உரிமைகளுக்கு முரணானது என உயர் நீதிமன்றங்கள் அறிவிக்கலாம். ஆயினும் அச்சட்டம் செல்லுபடியாகவே இருக்கும். ருவாண்டா, புகலிடம் கோருவோரை அனுப்புவதற்குப் பாதுகாப்பான நாடன்று என உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. அந்நாடு பாதுகாப்பானதே என 2024இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

ஒரு சான்று

நாடாளுமன்றம் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள முயன்றதற்கு 2011ஆம் ஆண்டின் நிலையான பதவிக்காலச் சட்டம் சான்றாகும். முன்கூட்டியே தேர்தல் நடத்தப் பொதுமக்கள் அவையின் மூன்றில் இரு பங்கு, அதாவது 434 வாக்குகள், தேவை என்பது அதன் முக்கிய விதி. 2019 அக்டோபர் 28இல் கொண்டுவரப்பட்ட தீர்மானத்தை 299 பேர் ஆதரித்தனர். 70 பேரே எதிர்த்தனர். எனினும் அது தோல்வியுற்றது. மறுநாளே, தேர்தல் நாளைக் குறிக்கும் ஒரு சிறு மசோதா அவையில் நிறைவேறியது. அது 438 வாக்குகள் பெற்றதாயினும், சாதாரணப் பெரும்பான்மையே அதற்குப் போதுமானதாயிருந்தது. 2011ஆம் ஆண்டுச் சட்டமும் 2022இல் நீக்கப்பட்டது. தான் இட்ட பூட்டின் திறவுகோல் நாடாளுமன்றத்தின் கையிலேயே இருந்தது.

மலேசிய ஒப்பீடு

மலாயாவுக்கான அரசியலமைப்பை வரைய 1956இல் அமைக்கப்பெற்ற ஆணையத்துக்குப் பிரித்தானிய நீதிபதி ரீட் பிரபு தலைமை தாங்கினார். தம் நாட்டில் இல்லாத ஒன்றை அவர் இந்நாட்டிற்கு வரைந்தளித்தார். கூட்டரசு அரசியலமைப்பே நாட்டின் தலையாய சட்டம் என 4ஆம் விதி கூறுகிறது. இங்கு அரசியலமைப்பு நாடாளுமன்றத்தைத் தோற்றுவித்தது. ஆகவே அதனைக் கட்டுப்படுத்தவும் இயல்கிறது. ஆயினும் எழுத்து மட்டுமே காவலாகிவிடாது. 159ஆம் விதி பல திருத்தங்களுக்கு மூன்றில் இரு பங்கு ஆதரவை வேண்டுகிறது. ஆளும் கூட்டணி அப்பலத்துடன் விளங்கிய காலங்களில் திருத்தங்கள் எளிதாகவே நிறைவேறின. அப்பலத்தை அது 2008இல் இழந்தது.

முடிவுரை

பிரித்தானியாவில் தொகுக்கப்பட்ட அரசியலமைப்பு உருவாதல் இயலாததன்று. ஆனால் நாடாளுமன்றம் மட்டுமே அதனை இயற்றுமாயின், பின்வரும் நாடாளுமன்றம் அதனை நீக்கவும் கூடும். அரசியல் நிர்ணய சபை, பொது வாக்கெடுப்பு போன்ற வேறோர் ஊற்றிலிருந்து அதன் அதிகாரம் பிறத்தல் வேண்டும். நீதிமன்றங்களும் அதனை ஏற்றல் வேண்டும். அவ்வாறு நிகழின், இறுதிச் சொல் தேர்ந்தெடுக்கப்பட்டோரிடமிருந்து நீதிபதிகளிடம் பெயரும். அம்மாற்றத்தை மக்கள் விரும்புகின்றனரா என்பதே, ஆவணத்தை வரைவதற்கு முன் எழுப்பப்பட வேண்டிய வினாவாகும்.