தீவுகளில் இன்புளுயன்ஸாவும் குழந்தைகளுக்குத் தடுப்பு ஊசியும்

1957-ஆம் ஆண்டு மே மாதத்தில், சிங்கப்பூர்த் திசையிலிருந்து சென்னைத் துறைமுகத்தை வந்தடைந்த கப்பலொன்றின் பிரயாணிகளோடு ‘ஆசிய இன்புளுயன்ஸா’ இந்தியாவிற்குள் புகுந்தது. அடுத்த சில மாதங்களில் 44 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகவும், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாகவும் அரசாங்கக் கணக்கில் பதிவாயிற்று. பெரும் தேசமொன்றின் நிலை இதுவாயின், கடல் நடுவேயுள்ள சிறு தீவுகளின் கதி யாதாகும்?

அந்தமானின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது. 1858-இல் போர்ட் பிளேரில் கைதிகளின் குடியேற்றம் நிறுவப்பெற்ற பின், ஆதிக்குடிகளான பெரிய அந்தமானியரிடையே வெளியார் கொணர்ந்த நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பரவின. 1877-இல் தட்டம்மை, 1892-இல் இன்புளுயன்ஸா. ஆயிரக்கணக்கில் இருந்த அம்மக்கள் 1901-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் 625 பேராகவும், 1961-இல் வெறும் 19 பேராகவும் குறைந்தனர். இக்குறைவு முழுவதற்கும் இன்புளுயன்ஸாவே காரணமன்று. ஆயினும் உடல் முன்னறியாத கிருமி எத்தகைய அழிவைச் செய்ய வல்லது என்பது இதனால் விளங்கும். 1999-இல் ஜாரவாக்களிடையே தட்டம்மை பரவியதும் பலர் நினைவிலிருக்கலாம்.

இன்புளுயன்ஸாக் கிருமி உடலிற் புகுந்து, ஏறக்குறைய இரண்டு நாட்களில் காய்ச்சலாக வெளிப்படுகிறது. சென்னையிலிருந்து கப்பலில் செல்வோர்க்குக் கடலிலேயே மூன்று நாட்கள் கழியுமாதலால், நோயுற்றவர் பெரும்பாலும் துறையை அடையுமுன் படுத்துவிடுவார். விமானத்தில் செல்பவரோ இரண்டரை மணி நேரத்திற்குள், நோய்க்குறி ஏதுமின்றி, இன்று ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் அந்நகரில் இறங்கிவிடுகிறார். கடல் அளித்துவந்த சிறு பாதுகாப்பும் இவ்வாறு நீங்கிவிட்டது.

ஊருக்குள் வந்த நோயை வீடுதோறும் கொண்டு சேர்ப்போர் பெரும்பாலும் குழந்தைகளே. அவர்கள் வயது வந்தோரைவிட நீண்ட நாட்கள் கிருமியை வெளிப்படுத்துகின்றனர். பள்ளியில் நெருங்கி அமர்கின்றனர். கனடா நாட்டில், தீவுகளைப் போலவே ஒதுங்கி வாழும் ஹட்டரைட் சமூகத்தாரின் குடியிருப்புகளில் 2008-ஆம் ஆண்டு தொடங்கி ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. சில குடியிருப்புகளில் சிறுவர்களுக்கு மட்டும் இன்புளுயன்ஸா ஊசி போடப்பட்டது. ஏனையவற்றில் வேறொரு நோய்க்கான ஊசி. முன்னவற்றில், ஊசி போட்டுக்கொள்ளாதவர்களிடையேயும் நோய் 61 சதவிகிதம் குறைந்திருந்தது. நெருங்கக் கூடாத மக்கள் வாழும் அந்தமானுக்கு இம்முடிவு பெரிதும் பொருந்தும் என்பது நம் கருத்து. சென்டினல் தீவினருக்கு ஊசி போட இயலாது. போட முயல்வதே அவர்களுக்குத் தீங்காகும். ஆனால் ஜாரவாக்களின் காட்டை ஒட்டிய குடியேற்றக் கிராமங்களின் குழந்தைகளுக்குப் போட இயலுமன்றோ?

காய்ச்சல் பரவத் தொடங்கிய பின் ஊசியால் பயனுண்டா எனப் பெற்றோர் வினவுவதுண்டு. உண்டு, எல்லோரும் ஒரே வாரத்தில் நோயுறுவதில்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு வாரங்கள் செல்லும். கடுங்காய்ச்சலுள்ள குழந்தைக்குக் குணமான பின் போடுவதே முறை. சாதாரண மூக்கொழுகல் ஒரு தடையன்று. ஊசி மருந்திலுள்ள கிருமி கொல்லப்பட்டதாதலால் அதனால் இன்புளுயன்ஸா வராது. கிருமி தன் உருவை மாற்றிக்கொண்டேயிருப்பதால், உலக சுகாதார ஸ்தாபனம் ஆண்டுக்கு இருமுறை மருந்தின் சேர்க்கையைப் பரிந்துரைக்கிறது. சேர்க்கை பொருந்தாத ஆண்டில் பலன் குறையும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் இவ்வூசியைப் போடுமாறு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் கூறுகிறது. ஆயினும் அரசாங்கத்தின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இது இன்னும் இடம்பெறவில்லை. அன்றியும், முதன்முறையாக ஊசி பெறும் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, நான்கு வார இடைவெளியில் இரு முறை போடவேண்டும். மருந்தோ 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிர்ச்சியிலேயே கெடாதிருக்கும். ஆகவே நன்கவுரி போன்ற தூரத்துத் தீவுக்குப் பனிக்கட்டிப் பெட்டியுடன் செல்லும் சுகாதார ஊழியர், அதே குழந்தைகளைத் தேடி, மழைக்காலக் கொந்தளிப்பு தொடங்குமுன் இரண்டாம் முறையும் படகேற வேண்டியிருக்கிறது.